பிடித்து அடக்குவதா, பூட்டி வைப்பதா, விலகிப் போவதா?

டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ளவர் கை ஓங்கும்போது வீட்டார் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

பிடித்து அடக்குவதுதான் மூன்றிலும் மோசம். நீங்கள் தடுப்பதாக நினைப்பீர்கள், அவருக்கோ யாரோ தன்னைத் தாக்குவதாகத் தோன்றும். இன்னும் பலமாகத் திமிறுவார். வயதானவரின் தோல் மெல்லியது, மணிக்கட்டை இறுக்கினாலே கன்றிவிடும். திமிறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

அறையில் வைத்துப் பூட்டினால் உங்களுக்கு அடி விழாது, அவ்வளவுதான். உள்ளே அவர் விழுந்தாலோ தீப்பிடித்தாலோ வெளியே வர வழியில்லை. ஏன் அடைத்தார்கள் என்று புரியாததால் பயமும் ஏறும்.

விலகுவதே மேல், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், உள்ளங்கை தெரிய நில்லுங்கள். வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். அதற்காக அவரை மூலையில் மடக்கிவிடாதீர்கள். வாதாடாமல் வெளியேறி, பத்து நிமிடம் கழித்து வேறு பேச்சோடு வாருங்கள். தாழ்ப்பாள் வேண்டியது நீங்கள் ஒதுங்கும் அறைக்கு, அதுவும் உள்பக்கம். அங்கே சார்ஜ் போட்ட போன் ஒன்று எப்போதும் இருக்கட்டும். குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், அவர் போட்டுக்கொண்டால் திறக்கத் தெரியாது.

அவரைத் தனியே விட்டு விலகுவதால் கத்தி, கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி, மாத்திரை டப்பா எல்லாம் ஏற்கெனவே பூட்டுக்குள் போயிருக்க வேண்டும். கைத்தடியை மட்டும் பிடுங்க முடியாது, அது இல்லாமல் விழுவார். அதன் நீளத்தையும் சேர்த்துத் தள்ளி நிற்பதுதான் வழி.

குளிப்பாட்டும்போதுதான் சண்டையா? தோளில் துண்டைப் போர்த்தி, தண்ணீரைக் காலிலிருந்து தொடங்குங்கள். தலையில் ஊற்றுவது கடைசியில்.

மாத்திரை கொடுத்து அமைதிப்படுத்தலாமே என்பார்கள். ஓரிரு நாளில் திடீரென்று மூர்க்கம் வந்திருந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிசைக்கோடிக் எனும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் புதிய வகைகளுக்கும் 2008-இல் பழைய வகைகளுக்கும் எச்சரித்தது. டிமென்ஷியாவில் லூயி பாடி என்றொரு வகை உண்டு, அது என்றால் ஹாலோபெரிடால் போன்ற இந்த மருந்துகள் உடலை விறைக்கச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லாமல் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.

கையில் கூரிய பொருள் இருந்தால் அதைப் பிடுங்கப் போகாமல் வீட்டை விட்டு வெளியேறி, அவசர உதவியை அழையுங்கள். பேச்சின் முதல் வரியிலேயே அவருக்கு டிமென்ஷியா என்று சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் அதட்டினால் நிலைமை இன்னும் கெடும்.