அறுபதில் பேசும் கார் எது?

“மாமா, இந்தக் காசுக்கு பிஎம்டபிள்யூ எம்2 வாங்கியிருக்கலாமே?” என்று அக்கா மகன் முதல்முறை கேட்டு மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை என்று தவறாமல் கேட்கிறான். ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லி மழுப்பிவிடுகிறேன். இந்த முறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் கடைசியில் வாங்கியது பழைய போர்ஷே 718 கேமன். இரண்டாவது கை. கடைசி வரை அதோடு போட்டியில் இருந்தவை பிஎம்டபிள்யூ எம்2 காம்பெடிஷனும் ஃபோர்டு மஸ்டாங் ஜிடியும். மஸ்டாங் 2016-இல் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 65 லட்சம். கேமன் 2017-இல் 80 லட்சத்தைச் சற்றுத் தாண்டி வந்தது. எம்2 காம்பெடிஷன் 2018 கடைசியில் 79.90 லட்சத்துக்கு வந்தது. புதிதாக வாங்கும் வசதி எனக்கில்லை. கர்நாடகத்தில் இந்த விலைக்கு மேல் சாலை வரி வேறு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் போய் நிற்கும். பழைய சந்தையில் அந்த வரியை முதல் ஆள் கட்டிவிட்டிருப்பார் என்பது ஒரு பெரிய ஆறுதல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேமனோடு மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எம்2-வை நண்பர் ஒருவரிடம் வாங்கி இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். மஸ்டாங்கோடு பழக்கம் ஒரு ஞாயிறு காலை மட்டும்தான். ஆகவே தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

வேகக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேமன் 2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி), 300 குதிரைத்திறன். எம்2 காம்பெடிஷன் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 410. மஸ்டாங் 5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், டர்போ கிடையாது, இங்கே விற்ற வண்டியில் சுமார் 400. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட கேமனுக்கு 4.9 விநாடி, எம்2-க்கு 4.2 என்பது கம்பெனிக் கணக்கு. காகிதத்தில் பார்த்தால் மூன்றில் இளைத்தது கேமன்தான். அக்கா மகன் பிடித்துக்கொண்டு தொங்குவதும் இந்தக் காகிதத்தைத்தான்.

சரி, பெங்களூரில் அந்த 410-ஐ எங்கே அவிழ்த்துவிடுவது? ஹெப்பாள் மேம்பாலத்தில் முதல் கியரை விட்டு இரண்டாவதுக்குப் போனாலே அன்றைக்கு நல்ல நாள். விடியற்காலையில் கிளம்பி ஓசூர் தாண்டினால்தான் சாலை திறக்கும். அங்கேயும் எந்த நேரத்தில் எந்த டிராக்டர் எதிர்ப்பக்கமாக ஏறி வரும் என்று சொல்ல முடியாது. என் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு மணிக்கு 30-க்கும் 80-க்கும் நடுவில்தான். அந்த வேகத்தில் ஊமையாக இருந்துவிட்டு 150-இல் வாய் திறக்கிற கார் எனக்கு எதற்கு? நான் தேடியது அறுபதிலேயே பேசுகிற கார்.

பேசுவது என்றால் என்ன என்று கேட்பான். பீன்யாவில் எனக்குச் சின்ன லேத் பட்டறை. லேத் ஓட்டுகிறவனுக்கு இது சொல்லாமலே புரியும். கட்டிங் கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டால் ஜாப், அதாவது கடைகிற உலோகத் துண்டு, அதிரத் தொடங்கும். அந்த அதிர்வு காதுக்கு வருவதற்கு முன்பே கை சக்கரத்தில் தெரிந்துவிடும். பழைய லேத்தில் நன்றாகத் தெரியும். புதிய கணினி மிஷினில் திரையில் எண்தான் ஓடும், கைக்கு ஒன்றும் வராது. வேலை அதில் துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் முன்னால் நிற்பவன் பாதி நேரம் வெறும் காவல்காரன்.

காரிலும் அதே கதை. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது முன் டயர்கள் தாமாக நேராக வரப் பார்க்கும். கைக்குக் கிடைக்கும் எடை அதுதான். பிடிமானத்தின் எல்லையை டயர் நெருங்கும்போது, உண்மையில் பிடி விடுவதற்குச் சற்று முன்பாகவே, அந்த எடை இளகத் தொடங்கும். “போதும், இதற்கு மேல் கேட்காதே” என்று டயர் சொல்வது அப்படித்தான். கை நல்ல கையாக இருந்து, காரும் அதை மறைக்காமல் கொடுத்தால், கண்ணுக்கு முன்னால் கைக்குச் செய்தி வந்துவிடும்.

மூன்று காரிலும் மின்மோட்டார் உதவி செய்யும் ஸ்டீயரிங்தான். மோட்டார் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவுக்கு டயரின் குரல் அமுங்கும். இங்கேதான் கேமனின் அமைப்பு கைகொடுக்கிறது. அதன் இன்ஜின் பானெட்டுக்குள் இல்லை. முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் 45 சதவீதம்போலத்தான் முன்சக்கரங்கள் மேல் விழுகிறது. வண்டியே எம்2-வை விட 200 கிலோ இளைத்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கேமனின் முன்சக்கரங்கள் தாங்குவது எம்2-வின் முன்சக்கரங்களை விட ஏறக்குறைய 200 கிலோ குறைவு. மூன்று ஆட்கள் இறங்கிக்கொண்ட மாதிரி. மோட்டாருக்கு வேலை குறைவு, எனக்குச் செய்தி அதிகம்.

எடை எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோளில் கம்பு, இரண்டு முனையிலும் பால் குடம். உடம்பைத் திருப்பினால் கம்பு உடனே வராது. வரத் தொடங்கினால் நினைத்த இடத்தில் நிற்கவும் நிற்காது, ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அதே எடையை இடுப்புக் குடமாக ஏந்தினால் நாம் திரும்பும்போது அதுவும் திரும்பும். மூக்கில் கனத்த இன்ஜினைச் சுமக்கும் மற்ற இரண்டும், அளவு கூடக் குறைய, காவடி ஜாதி. மஸ்டாங் பெரிய காவடி, எம்2 சின்னக் காவடி. கேமன் இடுப்புக் குடம்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவனில்லை நான். கொல்லிமலையில் தெரிந்துகொண்டேன். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவிலும் 30-க்கு மேல் போக வழியில்லை, போகவும் கூடாது. எதிரே பேருந்து வந்தால் நின்று வழிவிட வேண்டும். ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அங்கே கொண்டு போவது முட்டாள்தனம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முதல் பத்து வளைவுக்குள் என் கைப்பிடி தானாகத் தளர்ந்தது. இறுக்கிப் பிடிக்கத் தேவையே இல்லை. எந்த வளைவில் மண் சிதறிக் கிடக்கிறது, எங்கே ஒட்டுப்போட்ட தார், எங்கே இரவு பெய்த ஈரம் காயவில்லை, எல்லாம் விரல் நுனிக்கு வந்தது. பிரேக் பெடலும் அப்படித்தான். எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்பதாவது வளைவில் வேகமானியைப் பார்த்தேன். 28. அந்த 28-இல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா பிற்பாடு சொன்னார். அவர் சிரிக்கவில்லை, வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்.

கேமனுக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. முதல் குறை சத்தம். ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலைப் போட்ட நாளிலிருந்து உலகமே திட்டிக்கொண்டிருக்கிறது, நானும் சேர்ந்துகொள்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் கிணற்று மேட்டு டீசல் பம்ப்செட்டை நினைவூட்டும். 2020-இல் வந்த கேமன் ஜிடிஎஸ் 4.0-இல் மறுபடி ஆறு சிலிண்டர் வந்தது, ஆனால் அது வேறு விலை, வேறு உலகம். இரண்டாவது குறை, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது டர்போ தூங்குகிறது. கொண்டை ஊசியை முடித்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமாக வரும். கியரைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்றாலும் குறை குறைதான்.

எம்2-வில் அந்தத் தூக்கம் மிகக் குறைவு. இன்ஜின் மட்டும்தான் கணக்கு என்றால் நான் இன்றைக்கு அதைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பேன். 550 என்எம் முறுக்குவிசை, 2,350 சுற்றிலேயே முழுதாக வந்துவிடுகிறது. ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும் இன்ஜினுக்கே உரிய நெய் போன்ற ஓட்டம். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு லாரியை முந்தக் காலை வைத்தபோது வயிறு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் அடுத்த நொடியே காலை எடுக்க வேண்டியதாயிற்று, முன்னால் இன்னொரு லாரி. அன்று முழுக்க அதே கதைதான்: ஒரு வாய் சோறு, உடனே இலையை இழுத்துக்கொள்வார்கள்.

அதன் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் இன்னும் கனக்கிறது. கனம் வேறு, செய்தி வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முன் டயரைப் பற்றி எனக்கு வந்தது குறைவு. பின்பக்கம்தான் அதிகம் பேசுகிறது, அதுவும் முதுகெலும்பு வழியாக. பின் அச்சைத் தாங்கும் சட்டத்தை ரப்பர் வைக்காமல் நேராக உடம்போடு முடுக்கியிருக்கிறார்கள். சஸ்பென்ஷனை மென்மையாக்கப் பொத்தானும் கிடையாது. ஓட்டப்பந்தயத் தடத்தில் இதெல்லாம் வரமாக இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் வருடத்துக்கு நாலு முறை ஓட்டுகிறவராக இருந்தால் நான் எழுதியதை விட்டுவிட்டு எம்2-வைப் பாருங்கள். நான் அங்கே பார்வையாளனாக மட்டும்தான் போயிருக்கிறேன்.

டயரையும் பாருங்கள். எம்2-வின் முன் டயர் 245/35, 19 அங்குலம். என் கேமனில் 235/45, 18 அங்குலம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் ரப்பர் சுவரின் உயரம் என்பது. பெருக்கிப் பார்த்தால் அந்த உயரம் அதில் 86 மில்லிமீட்டர், இதில் 106. இந்த 2 சென்டிமீட்டர் ரப்பர்தான் பெங்களூர்ச் சாலைக்கும் என் இடுப்புக்கும் நடுவே நிற்கும் சமாதானத் தூதுவர். கேமன் வாங்குகிறவர்கள் அழகுக்காக 20 அங்குலச் சக்கரம் தேடுவதைப் பார்க்கும்போது பாவமாக இருக்கிறது.

மஸ்டாங்கைப் பற்றிக் கொஞ்சம். ஹொசக்கோட்டை, கோலார் வழியாக முல்பாகல் வரை போய் தோசை சாப்பிட்டுத் திரும்பினோம். சாவியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த வி8-இன் உருட்டலுக்கு இணையாக மற்ற இரண்டிலும் எதுவும் இல்லை. சும்மா சிக்னலில் நின்றாலே ஒரு விழா. டர்போ இல்லாததால் கால் அசைந்த அளவுக்கு இன்ஜின் அசைகிறது. நேர்ச்சாலையில் பெரிய சோபாவில் உட்கார்ந்து போகிற சுகம். ஆனால் அகலம் 1,916 மில்லிமீட்டர். அல்சூரில் வள்ளுவர் சிலையைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது இரண்டு பக்கமும் நிற்கும் ஸ்கூட்டர்களை எண்ணிக்கொண்டே போக வேண்டும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் உடம்பு சாய்கிறது, அப்புறம்தான் மூக்கு வருகிறது. ஒரே ஒரு காலைப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். பழகினால் அதுவும் பிடித்துப்போகலாம். ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, ஒரு பம்பர் உடைந்தால் என்ன ஆகும் என்ற யோசனையும் சேர்ந்துகொண்டது.

வேகத்தடைக்கு வருகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். தரையிலிருந்து வயிறு எவ்வளவு உயரம் என்பதோடு, இரண்டு அச்சுக்கும் நடுவே எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். நீளம் கூடினால் மேட்டின் உச்சி நடு வயிற்றில் இடிக்கும். மஸ்டாங்குக்கு 2,720 மில்லிமீட்டர், எம்2-க்கு 2,693, கேமனுக்கு 2,475. எங்கள் தெரு மேட்டைக் கேமன் மெதுவாகக் குறுக்கே ஏறிக் கடந்துவிடும். பள்ளம் வேறு விஷயம். போன மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பிய பள்ளம் ஒன்று முன் டயரின் சுவரைக் கிழித்தது. ஸ்டெப்னி கிடையாது, பசையும் சின்னப் பம்பும்தான் தந்திருக்கிறார்கள். சுவர் கிழிந்தால் அந்தப் பசைக்கு வேலையில்லை. ஏற்றிப் போக வந்த வண்டிக்காரர் சங்கிலியை எங்கேயோ மாட்டி இழுத்ததில் பம்பரின் கீழ் உதடும் போனது. இப்போதெல்லாம் இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று நானே இறங்கிக் காட்டுகிறேன்.

சர்வீஸ் செலவு மூன்றுக்குமே யானைத் தீனிதான், அதில் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள்.

போன மாதம் அக்கா மகனைக் கொல்லிமலைக்குக் கூட்டிப் போய் சாவியைக் கையில் கொடுத்தேன். முதல் இருபது வளைவு வரை எம்2-வாக இருந்தால் இப்படி, எம்2-வாக இருந்தால் அப்படி என்று பேசிக்கொண்டே வந்தான். பிறகு சத்தம் குறைந்தது. ஒரு வளைவில் உள்பக்கமாக மணல் பரவிக் கிடந்தது. நான் சொல்வதற்குள் அவனே காலை எடுத்தான்.

“மாமா, ஸ்டீயரிங் லேசா இளகின மாதிரி இருந்துச்சே?”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

மேலே போய் டீ குடிக்கும்போது கேட்டேன், இப்போது என்ன சொல்கிறாய் என்று. இருந்தாலும் எம்2தான் வாங்குவேன் என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. கேமனில் இரண்டே சீட். அவன் வீட்டில் போன மாசிதான் குழந்தை பிறந்திருக்கிறது.