போதையில் வண்டி ஓட்டிய வழக்கு: உள்ளூர் வக்கீலா, ஹைகோர்ட் வக்கீலா?

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் முதல்முறை சிக்கினால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழக்கு நடப்பது மாஜிஸ்திரேட் கோர்ட்டில். அதனால் அங்கே தினமும் நிற்கிற உள்ளூர் வக்கீல்தான் என் தேர்வு. ஊதும் கருவியின் சீட்டை வாங்கி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டியதா, நேரமும் வண்டி எண்ணும் சரியா என்று விரல் வைத்துப் படிப்பவராக இருக்கட்டும். "கேஸே இல்லாமல் பண்ணிடலாம்" என்பவரிடம் போகாதீர்கள்.

ஹைகோர்ட் வக்கீலுக்கு ஃபீஸ் அதிகம். வாய்தாவுக்குப் பெரும்பாலும் ஜூனியர்தான் வருவார். ஆனால் விபத்தில் உயிர் போய், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 105-வது பிரிவும், அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமும், சேர்ந்தால் விசாரணை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், ஜாமீனுக்கு ஹைகோர்ட் வரை அலைய நேரலாம். அப்போது செலவைப் பார்க்காதீர்கள். கையில் காசே இல்லையா? காவலில் இருப்பவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்கு அழையுங்கள்.