டிடிஎஸ் மீற்றர்: கல்லடிக் கிணத்தடியில் சில வருசப் பாவனை

பேனா மாதிரி இருக்கும் இந்த டிடிஎஸ் (தண்ணியில் கரைந்திருக்கும் திண்மங்களின் மொத்த அளவு) மீற்றரை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணி நல்லதா கெட்டதா என்று இது சொல்லாது. உப்பு ஏறுதா இறங்குதா என்றுதான் சொல்லும். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் மணல் திட்டு என்று இருக்கிற மட்டக்களப்புக் கல்லடியில் கிணற்றை நம்பி இருப்பவனுக்கு அதுவே பெரிய விசயம்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நுனியில் இரண்டு உலோகக் கம்பி; அவற்றுக்கிடையே தண்ணி எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்க்கும். உப்பு தண்ணிக்குள் விழுந்ததும் சோடியம் வேறு, குளோரைட் வேறு என்று மின்னேற்றத்தோடு பிரிந்து விடும். நீர் மூலக்கூறின் ஒட்சிசன் பக்கம் சோடியத்தைச் சூழும், ஐதரசன் பக்கம் குளோரைட்டைச் சூழும். மின்சாரத்தைச் சுமப்பது இந்த அயன்கள்தான். சந்தேகம் இருந்தால் மழைத்தண்ணியில் சீனியைக் கரைத்துப் பாருங்கள். தண்ணி தித்திக்கும், மீற்றர் அசையாது. சீனி அயனாகப் பிரிவதில்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் இலக்கம் தாவி ஓடும்.

ஆகவே திரையில் தெரியும் பிபிஎம் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) நேரே அளந்தது இல்லை. கடத்துதிறனை ஒரு மாறிலியால், மலிவு மீற்றர்களில் பெரும்பாலும் 0.5 ஆல், பெருக்கிக் காட்டுகிறது. வேறு கொம்பனி மீற்றர் 0.7 ஆல் பெருக்கினால் அதே வாளித் தண்ணிக்கு வேறு இலக்கம் வரும். பக்கத்து வீட்டு இலக்கத்தோடு ஒப்பிட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

எனக்கு இது கைகொடுத்த இடம் கிணற்றின் அடி. போத்தலில் கல்லைக் கட்டி, மூடியைத் தளர்வாகச் செருகி, அதில் தனி நூல் ஒன்று கட்டி இறக்குவேன். அடியில் முட்டியதும் நூலைச் சுண்டினால் மூடி கழன்று அடித்தண்ணி நிரம்பும். மாரி முடிந்த கையோடு அளந்தால் மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆவணி, புரட்டாசியில் மேல்தண்ணி 600 சொச்சம் காட்டும்போது அடி 1500ஐத் தாண்டி நிற்கும். இலங்கைக் குடிநீர்த் தரத்தின் உச்ச எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம், அதாவது மீற்றரில் ஏறக்குறைய 500 பிபிஎம்.

காரணம் அடர்த்தி. கடல்தண்ணி நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் பாரம். மணலுக்குள் மழைத்தண்ணி அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழே உப்பு 40 அடி வரை ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை விடாமல் இறைத்தது பல இடங்களில் உதவாமல் போனதும், பின்னால் வந்த மாரிமழைதான் கழுவித் தந்ததும் இதனால்தான். இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டு மாமி, “இறைக்க இறைக்க ஊறுமெண்டுதானே மனே சொல்லுவாங்க” என்றார். ஊறும், மாமி, எது ஊறும் என்பதுதான் பிரச்சினை. இப்போது நான் கோடையில் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மோட்டர் போடுகிறேன்.

குறைகளும் உண்டு. என்னுடையது 9990க்கு மேல் காட்டாது. கடல்தண்ணியில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு, வைத்ததும் பிழை காட்டும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு மழைத்தண்ணி விட்டு அளந்து பத்தால் பெருக்கலாம், ஆனால் அது அண்ணளவுதான். கம்பியில் உப்புப் படிந்தால் இலக்கம் தள்ளாடும். பாவித்ததும் மழைத்தண்ணியில் கழுவி உலர்த்த வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. கடத்துதிறன் பாகைக்கு 2 சதவீதம் அளவில் கூடும் என்பதால், வெப்பநிலையைத் தானே ஈடுசெய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கிருமி இதற்குத் தெரியாது. மலக்குழிக்குப் பக்கத்துக் கிணறும் 200 காட்டக்கூடும். இறால் வளர்ப்பவர்களுக்கும் இது தோதுப்படாது. ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் ஒளிமுறிவுமானிதான் அவர்களுக்குச் சரி, உப்புக் கூடிய தண்ணியில் ஒளி கூட வளையும்.