இன்கா சாலையைக் காண: மச்சு பிச்சு நடைவழியா, கேஸ்வாசாகா புல் பாலமா?

பெருவின் குஸ்கோ நகரம் வரை போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. இன்கா சாலை என்பது இன்கா பேரரசு ஆண்டிஸ் மலைகளில் அமைத்த பழைய சாலைப் பின்னல். மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகருக்குப் போகும் கல் நடைவழியும், கேஸ்வாசாகா என்ற தொங்கு பாலமும் அதன் பகுதிகள்.

செலவு: நடைவழிக்கு 4 நாள், அனுமதிச் சீட்டு, வழிகாட்டி கட்டாயம். பாலத்துக்குக் காரில் ஒரே நாளில் போய்வரலாம்.

சிரமம்: நடைவழி 4,200 மீட்டர் வரை ஏறும், பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். பாலத்தில் சில நிமிட நடைதான், ஆனால் ஆடும்.

உறுதி: கல் படிகள் 500 ஆண்டுகளாக நிற்கின்றன. பாலம் ஓராண்டுக்குத்தான். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் அபுரிமாக் ஆற்றின் இருகரை ஊர்களும் கூடி, இச்சு புல்லைக் கயிறாகத் திரித்து, வடமாக முறுக்கி, புதிதாகக் கட்டுகின்றன. 2013-இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது இந்தக் கூட்டு உழைப்பைத்தான்.

கட்டுமானத் திறனை ரசிக்க நடைவழி. சாலை இன்றும் ஊர்களை இணைப்பதைக் காண, ஜூனில் பாலம். என் தேர்வும் அதுவே.