பொட்டலம் கட்டி அனுப்பும் கடைகளில் எச்சரிக்கை: 186 ரிங்கிட் போனது, பாட்டியின் ஜாடியும் போனது

பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தபோது கொண்டுவந்த பீங்கான் ஊறுகாய் ஜாடி, கடந்த திங்கட்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அக்காவின் வீட்டுக்குச் சில்லுச் சில்லாகப் போய்ச் சேர்ந்தது. அதைப் பத்திரமாகக் கட்டி அனுப்புவதற்கென்று நான் கொடுத்த தொகை 186 ரிங்கிட். கோபம் ஆறுவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்; பொட்டலம் கட்டும் சரியான முறையையும் கடைசியில் விளக்குகிறேன்.

பொருள்களைத் தாங்களே கட்டிக் கூரியரில் சேர்ப்பதாகப் பலகை வைத்திருக்கும் பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைகளில் நான் போனதும் ஒன்று. பதினான்கு கிலோ எடையுள்ள அம்மி குழவியைத் தனியாகவும் ஜாடியைத் தனியாகவும் கட்டச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் என் கண்ணெதிரே ஜாடியின் கழுத்தில் பபள் ரேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல் தட்டி, "நம்ம வீட்டுச் சாமான் மாதிரி பாத்துக்குவோம், நீங்க கெளம்புங்கண்ணே" என்றார். காப்புறுதிக்கென்று 20 ரிங்கிட்டை ரசீதில் தனியாக எழுதியதும் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. பெட்டியை மூடும்வரை நான் நிற்கவில்லை. (வண்டியை நிறுத்த இடமில்லாத தெரு, போக்குவரத்து அபராதச் சம்மனுக்குப் பயந்தேன்.)

அக்கா அனுப்பிய படங்களில் இருந்ததோ ஒரே பெட்டி. அடியில் அம்மி, அதன்மேல் ஜாடி, நடுவில் கசக்கிப் போட்ட செய்தித்தாள். குழவியைக் கட்டவே இல்லை. பாரத்தில் தாள் அப்பளமாக நசுங்கியதும், இடம் கிடைத்த குழவி உருண்டு ஜாடியின் வயிற்றில் இடித்திருக்கிறது. ‘மூடா பெச்சா’ (மலாயில் ‘எளிதில் உடையும்’) என்ற சிவப்பு ஒட்டியை மட்டும் நான்கு பக்கமும் ஒழுங்காக ஒட்டியிருந்தார்கள்.

கடையில் கேட்டால் கூரியரைக் கேட்கச் சொன்னார்கள். கூரியரில் கேட்டால் கட்டியவரைக் கேட்கச் சொன்னார்கள். திரும்பிப் போனபோது, பெட்டியைத் திறக்கையில் காணொளி எடுத்தீர்களா என்றார் அதே மனிதர். பிறகு ரசீதைத் திருப்பி, பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் காப்புறுதி செல்லாது என்று எறும்பளவு எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். அப்படியானால் அந்த 20 ரிங்கிட்டை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "மொதலாளி ஈப்போ போயிருக்காரு" என்பதுதான் பதில். என்னை ‘அண்ணே’ என்று அழைப்பதும் அன்றோடு நின்றுவிட்டது. மூன்று நாள்களாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) நீலக்குறி விழுகிறது, பதில் இல்லை. 186 ரிங்கிட்!

விரிவாக விளக்கும் பொறுமை இப்போது எனக்கு இல்லை. கனமானதையும் உடையக்கூடியதையும் ஒரே பெட்டியில் போட விடாதீர்கள். உடையும் பொருளைச் சிறிய பெட்டியில் வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் சுற்றிலும் 5 சென்டிமீட்டராவது மெத்தென்று அடைத்து வைக்கச் சொல்லுங்கள். குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக்கூடாது. ரசீதின் பின்பக்கத்தைப் படித்த பிறகு பணம் கொடுங்கள். டேப் ஒட்டி முடிக்கும்வரை, சம்மன் வந்தாலும் வரட்டும், அங்கேயே நில்லுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுக் கொடுக்கலாம். அந்தப் படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கோரும் தொகை என்ற இடத்தில் 186 என்று எழுதியாகிவிட்டது, ஜாடிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.