மேயா, செப்டம்பரா? வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பருவம் பார்ப்பது எப்படி

பீக் சீசனுக்கும் ஆஃப் சீசனுக்கும் நடுவில் போனால் செலவும் குறையும், கூட்டமும் குறையும் என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. ஆனால் அந்த இடைப்பருவம் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. வசந்தத்தில் வருவதும் இலையுதிர் காலத்தில் வருவதும் ஒன்றல்ல.

ஐரோப்பாவில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். கடல்நீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் மே மாதக் கடல் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். பலர் கால்களை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோடை முழுக்க வெயிலை வாங்கி வைத்த அதே கடல் அக்டோபரில் சுமார் 23 டிகிரி. நிதானமாக நீந்தலாம். மலைக்கும் இது பொருந்தும். மே மாதத்தில் ஆல்ப்ஸின் உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். ஃபுர்கா, கிரிம்செல் போன்ற கணவாய்ச் சாலைகள் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவதும் வசந்தத்தில்தான். நவம்பரிலும் இன்னொரு முறை நிறுத்துவார்கள். கடலோ மலையோ, செப்டம்பர்தான் சரி.

நகரம் சுற்றுவதென்றால் மே முந்துகிறது. காரணம் பகல் வெளிச்சம். பாரிஸில் மே நடுவில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். அக்டோபர் நடுவில் 11 மணி நேரம்தான். ஐந்து நாள் பயணத்தில் இது ஏறக்குறைய 20 மணி நேர வித்தியாசம். அருங்காட்சியகம் மூடிய பிறகும் ஆற்றங்கரையில் வெயில் இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எப்போது நியாயம்? அந்த மாதங்களில் மட்டுமே போக முடிகிற இடமாக இருந்தால். ஐஸ்லாந்தின் உள்மலைச் சாலைகள் கோடையில் மட்டும் திறப்பவை. ரோம், ஏதென்ஸுக்கு அந்த மாதங்கள் வேண்டவே வேண்டாம். கடும் வெப்ப நாட்களில் ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸை நண்பகலில் மூடியதும் உண்டு.

ஆஃப் சீசன், பார்க்கப்போவது கூரைக்குக் கீழே இருந்தால் மட்டும் லாபம். ஜனவரி கடைசியில் பாரிஸ் அருங்காட்சியகங்களை நெரிசல் குறைவாகப் பார்க்கலாம். அதே நேரத்தில் கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் போனால் பல விடுதிகள் பூட்டியிருக்கும், படகுகளும் குறைவு. அறை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

வெப்பமண்டலத்தில் மாதத்தைவிடக் கரை முக்கியம். 'தாய்லாந்தில் இப்போது மழைக்காலம்' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலுள்ள ஃபூகெட் தீவை நேராகத் தாக்கும். கடல் கொந்தளிக்கும், கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும். தீபகற்பத்தின் மறுபக்கம் இருக்கும் கோ சாமுய் தீவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் நவம்பரில். ஆகவே ஆகஸ்டில் சாமுய், ஜனவரி, பிப்ரவரியில் ஃபூகெட். மலேசியாவிலும் கணக்கு இதேதான்: டிசம்பர், ஜனவரியில் கிழக்கே பெர்ஹெந்தியன் தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடும், மேற்கே லங்காவி காய்ந்து கிடக்கும்.

ஜப்பானுக்குச் செர்ரிப் பூவை நம்பி நாள் குறிப்பவர்கள் அதிகம். டோக்கியோவில் அது முழுமையாக மலர்ந்து நிற்பது ஒரு வாரம்தான். மார்ச் கடைசியா, ஏப்ரல் தொடக்கமா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஒரு நாள் காற்றும் மழையும் போதும், உதிர்ந்துவிடும். கியோட்டோவின் செவ்விலைகளோ நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை தாங்கும். முன்கூட்டியே டிக்கெட் எடுப்பவர்களுக்கு நவம்பரே பாதுகாப்பு.

மாதம் முடிவானதும் போகும் நாட்டின் விடுமுறை நாட்காட்டியைப் பாருங்கள். ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தொடர் விடுமுறைகள், சீனாவில் அக்டோபர் 1 முதல் ஒரு வாரம். ரயில் டிக்கெட் கிடைப்பதே பாடு. பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெபி என்ற பாலி இந்துக்களின் மௌன நாளில் பாலி விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். செங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தேவைப்படுபவர்கள் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். செப்டம்பருக்குப் போவதாக இருந்தால் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள். கோடை நெருங்க நெருங்க நேர்காணல் தேதி கிடைப்பது கடினம்.