தலைக்குக் குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய்: ஒரு மதிப்புரை

கலப்பு எதுவும் இல்லாத தேங்காய் எண்ணெயை முடி வளர்க்கும் மருந்தாக நினைத்து வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். வளர்ந்த முடி உடையாமல் காக்கும் பொருளாக வாங்குபவர்களுக்கோ, வீட்டுப் பராமரிப்பில் அதற்கு இணையாக நான் பரிந்துரைக்கக்கூடியவை மிகச் சில. இந்த இரண்டு பயன்களையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் இந்த எண்ணெயைப் பற்றிய கருத்துகள் ஒருபுறம் அளவற்ற புகழ்ச்சியாகவும் மறுபுறம் முழு நிராகரிப்பாகவும் இருக்கின்றன. இங்கே நான் மதிப்பிடுவது குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் தயாரிப்பை அல்ல. உட்பொருள் பட்டியலில் தேங்காய் எண்ணெய் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாத எந்தப் புட்டிக்கும் இந்த மதிப்புரை பொருந்தும். நீளமான, முன்பு சாயம் ஏற்றப்பட்ட, நுனிப்பகுதி வறண்டு எளிதில் சிக்கு விழுகிற முடியில் இதைத் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தையும், இதைப் பற்றி ஆய்வுகள் கண்டறிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முடியின் வளர்ச்சி தோலுக்கு உள்ளே, மயிர்க்காலில் நடக்கிறது. தோலுக்கு வெளியே நாம் காண்கிற தண்டு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன உயிரற்ற இழை. அதன் மேல் எதைப் பூசினாலும் அது வேகமாக வளரப் போவதில்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, சில வாரங்கள் நீடிக்கும் இடைக்கட்டத்தைக் கடந்து, சுமார் மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்தபின் உதிர்கிறது. இந்தக் கணக்கின்படி 60 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்கு ஏறக்குறைய ஐந்து வயது ஆகிறது. அந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ முறை ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரத்தோடு சீவி, வெயிலிலும் வெப்பக் கருவிகளிலும் காயவைத்துத் தேய்ந்துபோன பகுதி அது. முடி ஒரு அளவுக்கு மேல் வளரவே மாட்டேன் என்கிறது என்று வருந்துபவர்களில் பலருக்கு வேரில் வளர்ச்சி இயல்பாகவே இருக்கும். வளரும் அளவுக்கு நுனி உடைந்துகொண்டே இருப்பதுதான் நீளம் கூடாததற்குக் காரணம். தேங்காய் எண்ணெயின் உண்மையான பணி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முடியின் மேற்புறத்தை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்கள் மூடியிருக்கின்றன. தண்ணீர் பட்டதும் முடி அதை உறிஞ்சிப் பருக்கிறது, செதில்களின் விளிம்புகள் சற்றே தூக்கிக்கொள்கின்றன. அந்த நிலையில் ஷாம்புவின் நுரையும் விரல்களின் உராய்வும் சீப்பின் இழுப்பும் சேரும்போது செதில்கள் பெயர்கின்றன, உள்ளிருக்கும் புரதமும் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுகிறது. ஒவ்வொரு குளியலும் முடியைத் தூய்மைப்படுத்துவதோடு சிறிதளவு தேய்க்கவும் செய்கிறது என்பதே இதன் பொருள். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அது சிறிய, நேரான சங்கிலி அமைப்பு கொண்டது என்பதாலும் முடியின் புரதத்தோடு இணங்கிச் சேரும் இயல்புள்ளது என்பதாலும் தண்டின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. இப்படி உள்ளே சென்ற எண்ணெய், தண்ணீர் புகுவதையும் முடி பருப்பதையும் குறைக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் மினரல் ஆயில் இவ்வாறு ஊடுருவுவதில்லை என்பதை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு முடியிழைகளுக்குள் நேரடியாகவே பார்த்துக் காட்டியது. 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வு தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆகிய மூன்று எண்ணெய்களையும் ஒப்பிட்டது. கழுவுவதற்கு முன் பூசினாலும் பின் பூசினாலும், சேதமடையாத முடியிலும் வெளுக்கப்பட்ட முடியிலும், புரத இழப்பைத் தெளிவாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்பது அதன் முடிவு.

அந்த 2003 ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவிலிருந்து வந்தது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தள்ளிவிட நான் சொல்ல மாட்டேன். ஊடுருவலுக்கான விளக்கம் வேதியியல்படி பொருத்தமாக இருக்கிறது, என் முடியில் கண்டதும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது புரத இழப்பு போன்ற முடிச் சேதத்தை, வளர்ச்சியை அல்ல. அதைக் காட்டி ‘முடி வளரும்’ என்று விளம்பரம் செய்வது ஆய்வு சொல்லாததைச் சொல்வதாகும்.

பயன்படுத்தும் முறையில்தான் பலரும் இந்த எண்ணெயின் பலனை இழக்கிறார்கள் என்று கருதுவதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காய்ந்த முடியை முதலில் விரல்களாலும் பிறகு அகலமான பற்கள் கொண்ட சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துக்கொள்ள வேண்டும். சிக்கோடு இருக்கும் முடியில் எண்ணெயைத் தேய்த்தால் சிக்கு இறுகத்தான் செய்யும். ஒரு சிறு கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் எடுத்து, இரு கைகளாலும் தேய்த்துப் பரப்பி, காது மட்டத்திலிருந்து நுனி வரை முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தடவினால், நடுத்தர அடர்த்தியுள்ள முடிக்கு அது போதும். மிகவும் அடர்ந்த முடிக்கு இன்னொரு கரண்டி தேவைப்படலாம். முடி மின்னும் அளவுக்கு எண்ணெய் இருந்தால் சரி; சொட்டும் அளவுக்கு இருந்தால் அதில் பாதி ஷாம்புவோடு வீணாகப் போகும், அதைப் போக்குவதற்காக இன்னொரு முறை ஷாம்பு போட நேர்ந்தால் எண்ணெய் தந்த காப்பும் குறைந்துவிடும். நுனிக்கு அதிகமும் வேர்ப்பக்கத்துக்கு மிகக் குறைவுமாகப் பூசுவதே என் பழக்கம், ஏனெனில் வேருக்கு அருகில் உள்ள முடி இளமையானது, தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெயும் அதற்குக் கிடைக்கிறது.

ஊடுருவுவதற்கு நேரம் தேவை. குளிக்கப் போகும் வேளையில் அவசரமாகப் பூசியபோது எனக்குக் கிடைத்த பலன் குறைவாகவே இருந்தது. சில மணி நேரம் முன்பே பூசியபோதும், இரவில் பூசித் தளர்வாகப் பின்னிக்கொண்டு காலையில் குளித்தபோதும் வேறுபாடு கைக்கே தெரிந்தது: ஈரமுடி விரல்களுக்கு இடையில் முன்போல் முரமுரப்பாக இல்லை, சீப்பில் சிக்கும் குட்டையான உடைந்த துண்டுகளும் குறைந்தன. வேரோடு உதிர்ந்த நீளமான முடியின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் நான் காணவில்லை. அப்படிப்பட்ட மாற்றத்தை இந்த எண்ணெயிடம் எதிர்பார்க்கவும் கூடாது. குளிக்கும்போது ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, வழியும் நுரையே நுனிகளைத் தூய்மைப்படுத்தும்படி விட்டுவிடுவது நல்லது. அதன்பின் நுனிகளுக்குக் கண்டிஷனர் போடுவதை இந்த எண்ணெயைக் காரணம் காட்டி நிறுத்த வேண்டியதில்லை. எண்ணெய் உள்ளிருந்து காக்கிறது, கண்டிஷனர் மேற்பரப்பில் படிந்து உராய்வைக் குறைக்கிறது, இரண்டும் செய்யும் வேலை வேறு. எண்ணெய் பூசிய முடியில் ஸ்ட்ரெய்ட்னர் போன்ற சூடான கருவியை வைக்கவே கூடாது.

குளித்தபின் பளபளப்புக்காகப் பூசுவதற்கு இந்த எண்ணெயை நான் அவ்வளவாக விரும்பவில்லை. அது மிகச் சிறிய அளவிலும் மெல்லிய முடியை ஒட்டவைத்துப் பிசுக்கேறியதுபோல் காட்டுகிறது. அந்த வேலையை மினரல் ஆயிலும் சிலிக்கோன் கலந்த சீரங்களும் இதைவிட நன்றாகச் செய்கின்றன. மினரல் ஆயில் என்றாலே தீங்கு என்று பேசுவது நியாயமல்ல: உள்ளே ஊடுருவாவிட்டாலும் முடியின் மேல் வழுவழுப்பான படலமாக நின்று சீப்பின் உராய்வைக் குறைக்கும் திறன் அதற்கு உண்டு.

எனக்கு உண்மையிலேயே மனக்குறை தருவது, முகப்பில் தேங்காயின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் மினரல் ஆயிலை முதலிடத்தில் எழுதியிருக்கும் கூந்தல் தைலங்கள். உட்பொருள்கள் பொதுவாக அளவின் இறங்கு வரிசையில் எழுதப்படுவதால், முதலில் இருப்பதே புட்டியில் மிகுதியாக இருப்பது. பட்டியலில் லிக்விட் பாரஃபின் அல்லது மினரல் ஆயில் முதலில் வந்து, தேங்காய் எண்ணெயும் மூலிகைச் சாறுகளும் கடைசியில் வந்தால், புரத இழப்பைத் தடுப்பதற்காக அந்தப் புட்டியை வாங்குவதில் பொருளில்லை. ‘ஒரே மாதத்தில் இருமடங்கு நீளம்’ என்ற வகை வாக்குறுதிகளுக்கும் மேலே சொன்ன கணக்கே விடை: ஒரு மாதத்தில் வளரக்கூடியது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் இந்த எண்ணெயைப் பூசாமல் இருப்பதே நல்லது. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் ஈஸ்ட் கொழுப்பை உண்டு வாழ்வது. தலையில் எண்ணெய் தேங்கினால் அதற்கு உணவு கூடுகிறது. பொடுகை வறட்சி என்று எண்ணி மேலும் மேலும் எண்ணெய் தேய்ப்பதால் அரிப்பும் செதிலும் கூடிப்போவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருள் சேர்ந்த ஷாம்பு; எண்ணெயை விரும்பினால் நுனிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நெற்றியிலும் மயிர்க்கோட்டின் ஓரத்திலும் பரு வருபவர்கள் இரவு முழுவதும் எண்ணெயோடு உறங்குவதைத் தவிர்த்து, பகலில் சில மணி நேரம் மட்டும் வைத்திருந்து கழுவிவிடலாம். மிக மெல்லிய, நேரான, சேதமே இல்லாத குட்டை முடி உள்ளவர்களுக்கு இதனால் பெரிய வேறுபாடு தெரியாது.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு. பெரும்பாலும் அது தானாகவே அடங்கிவிடும், அந்த நேரத்தில் எந்த எண்ணெயைப் பூசியிருந்தாலும் அதற்கே புகழ் போய்ச் சேரும். இரும்புச் சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் உதிர்வதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். உச்சி வகிடு அகலமாகிக்கொண்டே போனாலும், முன்நெற்றி ஏறினாலும், வட்டமாக ஓரிடத்தில் முடி இல்லாமல் போனாலும் தோல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பரம்பரையாக முடி மெலிவதற்கு மேற்பூச்சாகப் பயன்படும் மினாக்சிடில் 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. அதுவும் பலன் காட்டச் சில மாதங்கள் ஆகும், நிறுத்தினால் கிடைத்த பலன் மெல்ல மறைந்துவிடும். அந்த மருந்து செய்யும் பணியைத் தேங்காய் எண்ணெயால் செய்ய முடியாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சிகிச்சை தொடங்க வேண்டிய மாதங்களைப் பலரும் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள் என்பதுதான்.

வாங்கும்போது சுத்திகரிக்கப்பட்டதா, சுத்திகரிக்கப்படாததா என்று அதிகம் குழம்ப வேண்டாம். முடிக்குள் ஊடுருவும் கொழுப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வாசனை வேண்டுபவர்களுக்குச் சுத்திகரிக்கப்படாததும், வாசனை பிடிக்காதவர்களுக்கு மற்றதும் பொருந்தும். புட்டியின் வாயை மட்டும் கட்டாயம் பாருங்கள். இந்த எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடுவதால், குறுகிய வாயுள்ள புட்டியில் குளிர்காலத்தில் ஒரு சொட்டும் இறங்காது. அகன்ற வாய் கொண்ட ஜாடியில் இருந்தால் விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே, உடற்சூட்டில் உருகிவிடும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டிய அவசியமே இல்லை. உறைவதாலும் மீண்டும் உருகுவதாலும் எண்ணெய் கெட்டுப்போவதில்லை. ஈரக்கையை ஜாடிக்குள் விடாமல், மூடியை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்திருந்தால் நெடுநாள் இருக்கும். காறல் வாடை வந்துவிட்டால் தலைக்கும் பயன்படுத்த வேண்டாம். தலையணை உறையில் படியும் கறை எளிதில் போகாது என்பதால், இரவில் பூசும் வழக்கம் உள்ளவர்கள் அதற்கென்று ஒரு பழைய துணியை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.